கொயரி நேரத்துக்குச் சராசரி போதாது: டேட்டாபேஸ் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டேட்டாபேஸ்களைப் பேணும் பொறியாளர்களே, நள்ளிரவில் அலர்ட் வந்தால் எழுந்து உட்காருகிறவர்களே, டேஷ்போர்டு வரைகிறவர்களே,



ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். உங்கள் கண்காணிப்புத் திரையில் ஒவ்வொரு கொயரிக்கும் எதிரே 'சராசரி நேரம்' என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதை விட்டுவிடுங்கள். அது இருக்கும் இடத்தில் மடக்கை அளவில் பிரித்த ஹிஸ்டோகிராம் ஒன்றை வையுங்கள்.

இதை அவசரமாகக் கேட்கக் காரணம் உண்டு. பக்கம் திறக்க நேரமாகிறது என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொல்கிறார். யாரோ ஒருவர் திரையைப் பார்த்து, "சராசரி ஆறு மில்லிசெகண்டுகூட இல்லையே, டேட்டாபேஸில் பிரச்சினை இல்லை" என்கிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. புகார் சொன்னவர் பொய் சொல்லவில்லை. திரையில் இருக்கும் எண்ணும் கணக்குப்படி சரிதான். ஆனால் அந்த எண்ணுக்குள் அவர் எங்கேயும் இல்லை.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கொயரி ஒரு நாளில் 1,00,000 முறை ஓடுகிறது என்று வையுங்கள். 97,000 முறை 0.4 மில்லிசெகண்டில் முடிகிறது. மீதி 3,000 முறை 180 மில்லிசெகண்ட் எடுக்கிறது. சராசரி 5.8 மில்லிசெகண்ட் வரும். இந்த 5.8 மில்லிசெகண்டில் முடிந்த கொயரி அந்த நாள் முழுவதும் ஒன்றுகூட இல்லை. திட்டவிலக்கம் 30.6. சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத்தைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது; நேரம் எதிர்மறையாக இருக்க முடியாது. 95ஆம் நூற்றுமானம், அதாவது நாம் பி95 என்கிறோமே, அதைப் பார்த்தால் 0.4 என்று சொல்லும். மெதுவாக ஓடியவை மூன்று சதவீதம்தான் என்பதால் பி95 அவற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: 578.8 விநாடியில் 540 விநாடியை அந்த 3,000 முறைதான் தின்றிருக்கிறது. நூற்றுக்கு 93 பங்கு.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைத்தான் நம்பியிருக்கிறோம். அருமையான கருவி. ஒரே வடிவமுள்ள கொயரிகளை ஒன்றாகச் சேர்த்து, எத்தனை முறை ஓடின, மொத்தம் எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கிறது. 9.5 பதிப்பில் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, திட்டவிலக்கம் ஆகியவையும் சேர்ந்தன. நான் மேலே சொன்ன கொயரியின் நேரப் பரவலைப் பற்றி அது தரும் தகவல் இந்த எண்களோடு முடிந்துவிடும்: 0.4, 180, 5.8, 30.6. இவற்றை வைத்து, கொயரி இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஓடுகிறதா, அல்லது சீராகப் பரவிக் கிடக்கிறதா, அல்லது ஒரே ஒரு நாள் கெட்ட நேரமா என்று பார்த்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. அதிகபட்ச எண்ணுக்கு இன்னொரு குறை உண்டு. ஒருமுறை ஏறினால் யாராவது ரீசெட் செய்யும்வரை இறங்காது. 17ஆம் பதிப்பில்தான் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களை மட்டும் தனியே ரீசெட் செய்ய வழி வந்தது.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு வருத்தம். இதே போஸ்ட்கிரெஸ், டேபிளில் இருக்கும் தரவைப் பற்றிச் சராசரியை நம்புவதில்லை. அனலைஸ் ஓடும்போது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அடிக்கடி வரும் மதிப்புகளைத் தனியாகவும், மீதியை இயல்பாக 100 பிரிவுகள்வரை உள்ள ஹிஸ்டோகிராமாகவும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு நிபந்தனைக்கு எத்தனை வரிகள் தேறும் என்று மதிப்பிட, தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பதை அதன் பிளானர் அறிந்திருக்கிறது. தரவின் பரவலுக்குக் காட்டும் அந்த மரியாதையை, அந்தத் தரவுக்காகக் காத்திருக்கும் மனிதர்களின் நேரத்துக்கும் காட்டினால் என்ன?

ஹிஸ்டோகிராம் சரி, ஏன் மடக்கை? கொயரி நேரத்தின் இயல்பே அப்படி. தேவையான பக்கம் நினைவகத்தில் இருந்தால், பிரைமரி கீ வழியாக ஒரு வரியை எடுப்பது சில பத்து மைக்ரோசெகண்டில் முடியும். எஸ்எஸ்டியிலிருந்து படிக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு படிப்புக்கும் சுமார் நூறு மைக்ரோசெகண்ட் கூடும். சுழலும் டிஸ்க் என்றால் சில மில்லிசெகண்ட். இன்னொரு டிரான்சாக்ஷன் பிடித்திருக்கும் லாக்குக்காகக் காத்திருந்தால் விநாடிகள் ஆகும், சில சமயம் நிமிடங்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நேரம் கொஞ்சம் கூடுவதில்லை, பல மடங்காகிறது. மடங்கு மடங்காக விரியும் ஒன்றைச் சமமான துண்டுகளாக வெட்டி அளக்கக் கூடாது.

வெட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு பக்கெட் என்று 67 விநாடிவரை வைத்தால் 67,000 பக்கெட்டுகள் வேண்டும். பக்கெட்டுக்கு 8 பைட் என்றால் ஒரு கொயரிக்கு அரை எம்பிக்கு மேல் போய்விடும். பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் இயல்பாக 5,000 கொயரி வடிவங்களை வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்தால் இரண்டரை ஜிபி தாண்டும். இவ்வளவு செலவழித்தும், ஒரு மில்லிசெகண்டுக்குள் முடியும் கொயரிகள் அத்தனையும் முதல் பக்கெட்டில் குவிந்து கிடக்கும். 40 மைக்ரோசெகண்டில் முடிந்துகொண்டிருந்தது 800 மைக்ரோசெகண்டாக, இருபது மடங்காக, மோசமானாலும் தெரியாது. மறுமுனையில் 41.003 விநாடிக்கும் 41.004 விநாடிக்கும் தனித்தனி பக்கெட் இருக்கும். அந்த வித்தியாசத்தால் யாருக்கும் பயனில்லை.

இரட்டிப்பாகப் போங்கள். 1 மைக்ரோசெகண்ட், 2, 4, 8, 16 என்று 26 முறை இரட்டித்தால் 67 விநாடி வந்துவிடுகிறது. 1 மைக்ரோசெகண்டுக்குக் கீழே ஒன்று, 67 விநாடிக்கு மேலே ஒன்று என்று சேர்த்தாலும் 28 பக்கெட்டுகள், 224 பைட். 5,000 கொயரிகளுக்கும் சேர்த்து ஒரு எம்பிக்குச் சற்று மேல். எந்த பக்கெட்டில் போடுவது என்று கண்டுபிடிக்க மடக்கையைக் கணக்கிடவே வேண்டியதில்லை. மைக்ரோசெகண்ட் எண்ணை இருமத்தில் பார்த்து, மிக உயர்ந்த 1 எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் போதும். இன்றைய பிராசசர்களில் அது ஒரே ஒரு கட்டளை. பிளஸ் டூவில் மடக்கை அட்டவணையைப் புரட்டிய சிரமம் எதுவும் இங்கே இல்லை.

நகைக்கடைத் தராசு மில்லிகிராம் பார்க்கிறது. லாரியை நிறுக்கும் எடைமேடையில் ஐந்து பத்து கிலோ முன்பின் ஆனாலும் வியாபாரம் நடக்கிறது. நிறுக்கும் பொருளுக்கு ஏற்ற துல்லியம் அது. மடக்கை ஹிஸ்டோகிராம் ஒரே வரிசையில் இரண்டு தராசுகளாகவும் இருக்கிறது. பிழை எப்போதும் விகிதத்தில்தான். இரட்டிப்பு பக்கெட்டின் நடுவைப் பெருக்குச் சராசரியாக எடுத்தால் பிழை அதிகபட்சம் 41 சதவீதம். போதாது என்றால் ஒவ்வொரு இரட்டிப்பையும் நான்கு சம விகிதங்களாகப் பிரியுங்கள். பிழை 9 சதவீதத்துக்கு இறங்கும், பக்கெட்டுகள் நூறைச் சற்றே தாண்டும். என் கருத்தில், எங்கே மேடு எங்கே பள்ளம் என்று காண முதல் வகையே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு பி99 எண்ணை எழுதிக்கொடுக்கும் இடத்துக்கு மட்டும் நுண்ணிய பிரிவு வேண்டும்.

மேட்டையும் பள்ளத்தையும் படிக்கப் பழகுவதுதான் இந்த முறையின் உண்மையான செல்வம். நம் பழைய உதாரணத்தில் 0.4 மில்லிசெகண்ட் கொயரிகள் 256 முதல் 512 மைக்ரோசெகண்ட் வரையுள்ள பக்கெட்டில் விழும். 180 மில்லிசெகண்ட் கொயரிகள் 131 முதல் 262 மில்லிசெகண்ட் பக்கெட்டில் விழும். நடுவில் எட்டு பக்கெட்டுகள் காலி. சராசரியான 5.8 அந்தக் காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மேடுகள், நடுவே வெறும் நிலம் என்றால் இரண்டு வெவ்வேறு பாதைகள் ஓடுகின்றன என்று அர்த்தம். கேஷில் கிடைத்தது ஒரு பாதை, டிஸ்க்குக்குப் போனது இன்னொன்று. சிறிய வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம், லட்சக்கணக்கில் பில் வைத்திருக்கும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் மறுபக்கம். அல்லது பிளான் மாறுகிறது: போஸ்ட்கிரெஸில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முதல் ஐந்து முறை கொடுத்த மதிப்புக்கேற்பத் திட்டம் போட்டு ஓடும், அதன்பின் பொதுத் திட்டம் மலிவாகத் தெரிந்தால் அதற்குத் தாவும். சில மதிப்புகளுக்கு அந்தப் பொதுத் திட்டம் கொடுமையாக இருக்கும். இரண்டாவது மேடு திடீரென்று முளைத்த நாளையும் புது ரிலீஸ் போன நாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மேடு நிற்கும் இடமே சில சமயம் காரணத்தைச் சொல்லிவிடும். இதற்கு நேரத்தை அப்ளிகேஷன் பக்கத்திலிருந்தும் அளந்திருக்க வேண்டும். 40 மில்லிசெகண்டில் ஒரு மேடு தெரிந்தால், சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் முறையும் லினக்ஸ் ஒப்புதலைத் தாமதித்து அனுப்பும் பழக்கமும் மோதிக்கொள்கின்றனவா என்று பார்ப்பேன். 200 மில்லிசெகண்டில் மேடு என்றால் எங்கோ பாக்கெட் தொலைந்து டிசிபி மறுபடி அனுப்புகிறது. லினக்ஸில் அந்தக் காத்திருப்பின் கீழ் எல்லை அதுதான். சரியாக 1 விநாடி, பிறகு 3 விநாடி என்று இரட்டை மேடு இருந்தால் புதிய இணைப்பின் முதல் பாக்கெட்டே தொலைகிறது. இணைப்பு வரிசை நிரம்பி வழிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். 5 விநாடி என்றால் டிஎன்எஸ். மைஎஸ்கியூஎல்லில் 50 விநாடியில் ஒரு சிறு மேடு இருந்தால் இன்னோடிபியின் லாக் காத்திருப்பு எல்லை; இயல்பு மதிப்பு 50தான். இயற்கையாக நடக்கும் எதுவும் இப்படி வட்டமான எண்ணில் கூட்டம் கூடாது. யாரோ எங்கோ எழுதிவைத்த டைம்அவுட்தான் அங்கே நிற்கிறது. இவற்றில் ஒன்றைக்கூடச் சராசரியில் பார்க்க முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். சோலாரிஸ் 10 உடன் 2005இல் வந்த டிடிரேஸில், இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து எண்ணும் குவாண்டைஸ் என்ற வசதி இருந்தது. அந்த மரபை இன்று லினக்ஸில் பிபிஎஃப்டிரேஸ் தொடர்கிறது. கசாண்ட்ரா ஒவ்வொரு பக்கெட்டையும் முந்தையதைவிட 1.2 மடங்காக வளர்க்கிறது. ரெடிஸ் 7.0இல் ஒவ்வொரு கட்டளைக்கும் தாமத ஹிஸ்டோகிராம் கேட்டு வாங்கலாம். மைஎஸ்கியூஎல் 8.0, கொயரி வடிவம் ஒவ்வொன்றுக்கும் 450 பக்கெட்டுகள் வைத்திருக்கிறது, பி95, பி99, பி99.9 எண்களையும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் தருகிறது. அதைத் திறந்தே பார்க்காமல் ஸ்லோ கொயரி லாகை மட்டும் புரட்டும் நண்பர்களே, அந்த டேபிள் உங்களுக்காகத்தான் நிரம்பிக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு பெர்கோனாவின் பிஜி ஸ்டாட் மானிட்டர் இருக்கிறது. பக்கெட் எண்ணிக்கையையும் எல்லைகளையும் நாமே அமைக்கலாம். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் டைமிங் என்ற சிறு கருவி, கணினிக் கடிகாரத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை நெடுங்காலமாக இரட்டிப்பு பக்கெட்டுகளில்தான் அச்சிட்டு வந்திருக்கிறது. கடிகாரத்துக்கு இந்த அளவுகோல் தகும் என்றால் கொயரிக்கும் தகும்.

புரோமிதியஸ் வைத்திருப்பவர்கள் "எங்களிடம் ஹிஸ்டோகிராம் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லலாம். பக்கெட் எல்லைகளை ஒருமுறை பாருங்கள். கிளையன்ட் லைப்ரரிகள் பலவற்றில் இயல்பு எல்லைகள் 5 மில்லிசெகண்டில் தொடங்கி 10 விநாடியில் முடிகின்றன. பொதுவான நெட்வொர்க் சேவைகளை மனத்தில் வைத்துத் தேர்ந்தவை. நம் உதாரணக் கொயரியின் 97 சதவீதமும் முதல் பக்கெட்டில் விழுந்துவிடும். உள்ளே சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவதால், இடைநிலை அளவு 2.6 மில்லிசெகண்ட் என்று காட்டும். உண்மை 0.4. டேட்டாபேஸுக்கு எல்லைகளை நீங்களே எழுதுங்கள், மைக்ரோசெகண்டிலிருந்து. 2022இல் 2.40 பதிப்பில் சோதனை வசதியாக வந்த நேட்டிவ் ஹிஸ்டோகிராம் அடுக்கு முறையில் தானே பிரித்துக்கொள்கிறது. முடிந்தவர்கள் அதற்கு மாறலாம்.

இனி, ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து சர்வர்களின் பி99 எண்களைக் கூட்டிப் பத்தால் வகுக்கும் டேஷ்போர்டுகள் தவறானவை. நூற்றுமானங்களுக்குச் சராசரி கிடையாது. அப்படி வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. பக்கெட் எண்ணிக்கைகளை மட்டுமே கூட்டலாம். பத்து ரெப்ளிகாக்களின் பக்கெட்டுகளை ஒன்றோடொன்று கூட்டி, பிறகு பி99 எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்து வைத்து, முந்தையதை இதிலிருந்து கழித்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கான ஹிஸ்டோகிராம் கிடைக்கும். கூட்டலும் கழித்தலும் பிசகாமல் நடக்க ஒரே நிபந்தனை, எல்லா இடத்திலும் ஒரே பக்கெட் எல்லைகள் இருக்க வேண்டும். குழுவுக்குக் குழு வேறு எல்லை வைக்காதீர்கள்.

வால் நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரை நல்ல பதில். ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு விநாடி தாமதித்தாலும், நூறு சர்வர்களைக் கேட்டுப் பதில் சேர்க்கும் கோரிக்கைகளில் 63 சதவீதம் ஒரு விநாடியைத் தாண்டும் என்று காட்டினார்கள். நமக்கு நூறு சர்வர் வேண்டாம். ஓஆர்எம் ஒன்று லூப்பில் அதே கொயரியை இருபது முறை அனுப்பினால் போதும். நம் மூன்று சதவீதக் கொயரி அந்தப் பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் தனித்தனி வாய்ப்பு என்ற கணக்கில், 46 சதவீதப் பக்கங்கள் குறைந்தது ஒரு 180 மில்லிசெகண்டைச் சந்திக்கும். மூன்று சதவீதம் என்று நாம் ஒதுக்கியது, பயன்படுத்துகிறவருக்குக் கிட்டத்தட்டப் பாதியாகப் போய்ச் சேர்கிறது. 2007இல் வந்த டைனமோ கட்டுரையில் அமேசான் பொறியாளர்கள் 99.9ஆம் நூற்றுமானத்தை அளவுகோலாகக் கொண்டதும் இதே காரணத்தால்தான்: சராசரியைப் பார்த்தால் அதிகம் வாங்கும், நீண்ட வரலாறு கொண்ட வாடிக்கையாளர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

ஹிஸ்டோகிராமும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ், பிழையோடு முடிந்த கொயரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை 30 விநாடி என்று வைத்திருந்தால், அந்த 30 விநாடியைத் தொட்டு வெட்டப்பட்ட கொயரிகள், அதாவது இருப்பதிலேயே மோசமானவை, பதிவே ஆகாமல் போகின்றன. டைம்அவுட்டைக் குறைத்த மறுநாள் சராசரி அழகாக இறங்கும். அந்த இறக்கம் முன்னேற்றமே இல்லை. எனவே அப்ளிகேஷன் பக்கத்திலும் அளந்து, தோற்றவற்றைத் தனி ஹிஸ்டோகிராமில் எண்ணுங்கள். கனெக்ஷன் பூலில் காத்திருந்த நேரமும் சர்வர் பக்கத்து அளவில் வராது, அதையும் தனியே எண்ணுங்கள். சுமைச் சோதனையிலும் இதே ஓட்டை இருக்கிறது. முந்தைய கொயரி முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் சோதனை, சர்வர் திணறும்போது தானும் அனுப்பாமல் நின்றுவிடுகிறது. காத்திருந்திருக்க வேண்டியவை கணக்கில் வராமல் போகின்றன. எச்டிஆர் ஹிஸ்டோகிராமை உருவாக்கிய கில் டெனே ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்த பிழை இது. பிஜிபெஞ்சில் வேகத்தை நிர்ணயிக்கும் ரேட் தெரிவைக் கொடுத்து ஓட்டினால், தொடங்கியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து தாமதத்தை எண்ணும். அதைக் கொடுத்தே ஓட்டுங்கள்.

வரையும்போது இரண்டு படம் வரையுங்கள். எத்தனை முறை என்பது ஒன்று. ஒவ்வொரு பக்கெட்டிலும் செலவான மொத்த நேரம் இன்னொன்று. முதல் படத்தில் வலது ஓரத்து மேடு கண்ணுக்கே தெரியாமல் போகலாம், அதனால் செங்குத்து அச்சையும் மடக்கையில் வையுங்கள். இரண்டாவது படத்தில் அதே மேடு மலையாக எழும். வன்பொருள் வாங்குவதா, இண்டெக்ஸ் போடுவதா என்ற விவாதத்தை இரண்டாவது படத்தை வைத்து நடத்துங்கள்.

எங்கே தொடங்குவது? பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸிலேயே ஒரு வழி இருக்கிறது. திட்டவிலக்கம் சராசரியைவிடப் பெரிதாக இருக்கும் கொயரிகளை மொத்த நேரத்தின் வரிசையில் எடுங்கள். முதல் பத்தை மட்டும் பாருங்கள். பிஜி ஸ்டாட் மானிட்டர் நிறுவ அனுமதி கிடைக்காத இடத்தில் வேலை செய்கிறவர்கள், அப்ளிகேஷனில் கொயரியை அழைக்கும் இடத்தைச் சுற்றி 28 எண்கள் கொண்ட ஓர் அர்ரே வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அதை லாகில் எழுதினால் போதும். எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் மூல நிரலில் கைவைக்கும் நண்பர்களிடம் எனக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு: இந்த 224 பைட்டை பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸின் உள்ளேயே கொண்டுவர உழையுங்கள். வேண்டாதவர்கள் அணைத்துவைக்க ஒரு செட்டிங் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவன்